தளத்தில் ஏற்றியதும் படத்தின் நிறம் வெளுத்துப்போவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடிட் செய்து முடித்தபோது பளிச்சென்று இருந்த படம், இணையதளத்தில் ஏற்றிய மறுநிமிடம் சாயம் போன துணி மாதிரி தெரிகிறது. படம் எடுப்பவர்களும் தளம் நடத்துபவர்களும் ஒரு தடவையாவது இதில் மாட்டியிருப்பார்கள். உடனே கை போகிற இடம் சாச்சுரேஷன் ஸ்லைடர். தயவுசெய்து முதலில் அதைத் தொடாதீர்கள். பெரும்பாலும் நிறம் எங்கேயும் போயிருக்காது. அந்த நிறத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்ற குறிப்புதான் வழியில் எங்கோ விழுந்திருக்கும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

## எடிட்டரில் ஒரு மாதிரி, பிரவுசரில் வேறு மாதிரி. ஒரே ஃபைல்தானே?

ஒரே ஃபைல்தான். ஆனால் அதற்குள் இருப்பவை எண்கள் மட்டுமே. வழக்கமான ஜேபெக் படத்தைத் திறந்தால், ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 'சிவப்பு 255' என்றால் எந்தச் சிவப்பு? அதைச் சொல்வது படத்தோடு ஒட்டியிருக்கும் ஐசிசி ப்ரொஃபைல். நீளம் பத்து என்று மட்டும் எழுதி வைத்தால் பத்து அடியா, பத்து மீட்டரா என்று தெரியாது இல்லையா, அதே நிலைமைதான்.

எந்த எண்ணுக்கு எந்த நிறம், எதுவரை நிறம் என்று வகுக்கும் அளவுமுறைக்கு நிறவெளி (கலர் ஸ்பேஸ்) என்று பெயர். எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி, டிஸ்ப்ளே பி3 எல்லாம் அப்படிப்பட்ட நிறவெளிகள். எஸ்ஆர்ஜிபியின் முழுச் சிவப்பு 255, 0, 0. அதே சிவப்பை அடோபி ஆர்ஜிபியில் எழுதினால் 219, 0, 0. டிஸ்ப்ளே பி3-யில் எழுதினால் ஏறக்குறைய 234, 51, 35. மூன்றும் கண்ணுக்கு ஒரே நிறம். இப்போது பி3 படத்திலிருந்து ப்ரொஃபைல் கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசரின் கையில் 234, 51, 35 என்ற எண்கள் மட்டும் மிஞ்சுகின்றன. ப்ரொஃபைல் இல்லாத படத்தை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்வது இணையத்தின் வழக்கம். அந்தக் கணக்கில் அதே எண்களுக்கு, கொஞ்சம் பச்சையும் நீலமும் கலந்து சுரத்துக் குறைந்த ஒரு சிவப்பு என்று அர்த்தம். ஒரு பிக்சல்கூட மாறவில்லை, ஆனாலும் படம் வெளுத்துவிட்டது.

## எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி, பி3, ப்ரோஃபோட்டோ... இதில் எதை எடுப்பது?

தளத்துக்கு எஸ்ஆர்ஜிபி. சந்தேகம் இருக்கும்போதெல்லாம் எஸ்ஆர்ஜிபி.

1996-இல் எச்பி, மைக்ரோசாஃப்ட் இரண்டும் சேர்ந்து முன்வைத்தது இது. 1999-இல் சர்வதேசத் தரமாகவும் ஆனது. அன்றைய சாதாரணக் குழாய் மானிட்டரால் காட்ட முடிந்த நிறங்களை ஒட்டி வரைந்த எல்லை. அதனால் சின்னதுதான். ஆனாலும் ஃபோன், லேப்டாப், பழைய மானிட்டர், டிவி என்று எதுவாக இருந்தாலும் குறைந்தபட்சம் இதை ஒட்டியாவது காட்டும்.

அடோபி ஆர்ஜிபி 1998-இல் வந்தது. அச்சில் வரக்கூடிய பச்சை, நீலப்பச்சை நிறங்களையும் உள்ளே கொண்டுவருவதற்காக உருவானது. நிற எல்லையை ஒரு முக்கோணமாக வரைந்தால், சிவப்பு, நீலம் இரண்டின் மூலைகளும் எஸ்ஆர்ஜிபியில் இருக்கும் அதே இடம்தான். பச்சை மூலை மட்டும் தள்ளிப் போகிறது. இலை, புல், கடல் படங்களில் இந்த வித்தியாசம் அதிகம் தெரிவது அதனால்தான். ப்ரோஃபோட்டோ இன்னும் பெரியது, அதன் எல்லைக்குள் மனிதக் கண்ணுக்கே தெரியாத 'நிறங்கள்'கூட அடங்கும். எடிட் செய்யும்போது, அதுவும் 16 பிட்டில் (0 முதல் 255 வரை என்பதைவிட மிக நுணுக்கமான படிகளில்), அருமையான இடம். ஆனால் ப்ரோஃபோட்டோ ஜேபெக் ஒன்று ப்ரொஃபைல் இல்லாமல் தளத்துக்குப் போனால் முகமெல்லாம் சாம்பல் பூத்துத் தெரியும். பி3 பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

## 'கன்வர்ட்', 'அசைன்' இரண்டும் ஒன்றா?

இல்லை. இதைக் குழப்பிக்கொண்டால் மற்ற எல்லாமே குழம்பும்.

கன்வர்ட் என்றால் நிறத்தை அப்படியே வைத்துக்கொண்டு எண்களை மாற்றுவது. மீட்டரில் இருந்ததை அடிக்குக் கணக்கிட்டு எழுதுவது போல. அசைன் என்றால் எண்களை அப்படியே விட்டுவிட்டு அலகின் பெயரை மட்டும் மாற்றி எழுதுவது. பத்து மீட்டர் என்று இருந்ததை அடித்துவிட்டு பத்து அடி என்று எழுதினால் துணி குட்டையாகிவிடும், அவ்வளவுதான்.

தளத்துக்குப் படம் தயார் செய்யும்போது வேண்டியது எப்போதும் கன்வர்ட். அசைன் தேவைப்படுவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்: ப்ரொஃபைல் தொலைந்துபோன படத்துக்கு அது எதுவாக இருந்திருக்கும் என்று கண்டுபிடித்து மறுபடி ஒட்டும்போது. அது கடைசிக் கேள்வியில் வரும்.

## சரி, எக்ஸ்போர்ட் செய்யும்போது சரியாக என்ன செய்ய வேண்டும்?

ஃபோட்டோஷாப்பில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' திறந்தால் கலர் ஸ்பேஸ் பகுதியில் இரண்டு பெட்டிகள் இருக்கும்: ஒன்று எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்ய, இன்னொன்று ப்ரொஃபைலைப் படத்தோடு சேர்க்க. இரண்டையும் டிக் செய்யுங்கள். பழைய 'சேவ் ஃபார் வெப்' வழியிலும் இதே இரண்டு உண்டு. லைட்ரூமில் எக்ஸ்போர்ட் பெட்டியின் ஃபைல் செட்டிங்ஸ் பகுதியில் கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி என்று தேர்ந்தெடுத்தால் போதும், ப்ரொஃபைலை அதுவே சேர்த்துவிடும். கிம்ப்பில் இமேஜ் மெனுவில் கலர் மேனேஜ்மென்ட், அதற்குள் 'கன்வர்ட் டு கலர் ப்ரொஃபைல்'. அப்புறம் ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யும் பெட்டியில் கலர் ப்ரொஃபைலைச் சேமிக்கும் தேர்வு.

எஸ்ஆர்ஜிபிதான் என்றால் ப்ரொஃபைல் எதற்கு, பிரவுசரே அப்படித்தானே எடுத்துக்கொள்ளும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் படம் பிரவுசரோடு நிற்பதில்லை. யாராவது இறக்கி வேறு செயலியில் திறப்பார்கள். நிற மேலாண்மை இல்லாத செயலியும் விரிந்த நிற எல்லை கொண்ட மானிட்டரும் சேர்ந்துவிட்டால், ப்ரொஃபைல் இல்லாத படம் எதிர்ப்பக்கம் சாய்ந்து, முகங்கள் தக்காளிச் சிவப்பாகத் தெரியலாம். ப்ரொஃபைல் இருந்தால், அதைப் படிக்கத் தெரிந்த எந்த மென்பொருளும் ஊகிக்க வேண்டியதில்லை.

## ப்ரொஃபைல் சேர்த்தால் ஃபைல் எடை கூடாதா?

பரவலாகப் பயன்படும் எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல் ஒன்றின் எடை 3,144 பைட். அதாவது 3 கேபி சொச்சம். 300 கேபி படத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தில் நூறு சின்னச் சின்ன சிறுபடங்கள் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போது எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்த பிறகு சிறுபடங்களில் மட்டும் ப்ரொஃபைலை நீக்கிக்கொள்ளுங்கள்.

## கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்று வைத்திருந்தேன். எடுத்த படமெல்லாம் போச்சா?

எதுவும் போகவில்லை. ரா ஃபைலாக (கேமரா சென்சார் பதிந்த மூலத் தரவாக) எடுத்திருந்தால் அந்த அமைப்பு உங்கள் தரவைத் தொடவே இல்லை. ராவிலிருந்து எந்த நிறவெளிக்கும் போகலாம். ஜேபெக்காக எடுத்திருந்தால் எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்துவிட்டு ஏற்றுங்கள். எந்தப் படங்கள் அப்படி எடுத்தவை என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு: அடோபி ஆர்ஜிபியில் எடுத்த ஜேபெக்குகளின் பெயரை அடிக்கோட்டில் ஆரம்பிப்பது கேமராக்களுக்கான கோப்புப் பெயர் விதி. ஃபோல்டரைத் திறந்து முதல் எழுத்தைப் பார்த்தாலே போதும்.

## ஃபோனில் எடுத்த படங்களுக்கும் இது பொருந்துமா?

ரொம்பவே. 2016-இல் வந்த ஐஃபோன் 7 முதல் அந்த வரிசை ஃபோன்கள் படங்களை டிஸ்ப்ளே பி3-யில் பதிவு செய்கின்றன. இது எஸ்ஆர்ஜிபியைவிட ஏறக்குறைய கால் பங்கு பெரியது, குறிப்பாகச் சிவப்பிலும் பச்சையிலும். ஃபோனிலிருந்து நேராக ஏற்றிய படம் சர்வரில் ப்ரொஃபைலை இழந்தால், முதல் பதிலில் சொன்ன அந்த 234, 51, 35 கதை அப்படியே நடக்கும். கேமரா பக்கமே போகாத பலரும் 'தளத்தில் போட்டால் மங்குகிறது' என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

## எக்ஸ்போர்ட்டில் எல்லாம் சரியாகச் செய்தேன். ஏற்றிய பிறகும் மங்குகிறதே?

அப்படியானால் தவறு உங்கள் கணினியில் இல்லை, வழியில் இருக்கிறது. நீங்கள் ஏற்றும் படத்தைத் தளம் அப்படியே காட்டுவது அபூர்வம். பல அளவுகளில் சிறிதாக்கி, மறுபடி அமுக்கி, வேறு வடிவத்துக்கு மாற்றித்தான் காட்டும். வேர்ட்பிரஸ் 5.3 முதல், 2560 பிக்சலைத் தாண்டும் படத்துக்கு ஒரு சிறிய பிரதி எடுத்து அதைத்தான் பயன்படுத்துகிறது. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பிஎச்பி மொழியில் படங்களைக் கையாளும் ஜிடி என்ற நிரல் நூலகம் சிறிதாக்கும்போது ப்ரொஃபைலைத் தக்கவைப்பதில்லை. அதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான இமேஜ்மேஜிக் தக்கவைக்கும், ஆனால் எடை குறைக்கிறேன் என்று யாராவது அதில் 'ஸ்ட்ரிப்' கட்டளையைச் சேர்த்திருந்தால், தேவையில்லாத குறிப்புகளோடு ப்ரொஃபைலும் குப்பைக்குப் போய்விடும்.

ஒருமுறை ஒரு தொகுப்பு முழுவதையும் ஒரு படக்காட்சிச் சேவையில் ஏற்றிவிட்டு, இரண்டு நாள் மானிட்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் தளத்திலிருந்தே ஒரு படத்தை இறக்கி, மூலப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தபோதுதான் புரிந்தது: ப்ரொஃபைல் காணோம். அன்றிலிருந்து புதிய தளம் எதுவானாலும் முதல் வேலையாக அதைச் செய்கிறேன். ஒரு படம் ஏற்றுவது, தளம் காட்டும் பிரதியை இறக்குவது, ப்ரொஃபைல் இருக்கிறதா என்று பார்ப்பது. ஐந்து நிமிட வேலை.

சர்வர் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் வரிசையை இப்படி அமைக்கச் சொல்லுங்கள்: முதலில் எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட், பிறகு சிறிதாக்கல், அதன் பிறகு விருப்பமிருந்தால் நீக்கல். கன்வர்ட் செய்யாமல் நீக்குவதுதான் குற்றம். செய்த பிறகு நீக்கினால் பாதிப்பு மிகக் குறைவு. சர்வர் உங்கள் கையில் இல்லையா? எஸ்ஆர்ஜிபியாகவே மாற்றி ஏற்றுங்கள், ப்ரொஃபைலைத் தூக்கிப் போட்டாலும் எண்களின் அர்த்தம் மாறாது.

## இவ்வளவு எதற்கு? சாச்சுரேஷனை இருபது ஏற்றிவிட்டால் ஆகாதா?

ஆகாது. ஏன் என்று ஒரு செம்பருத்திப் படத்தை வைத்துச் சொல்கிறேன்.

வெயிலில் எடுத்த சிவப்புப் பூவில் சிவப்புச் சேனல் ஏற்கெனவே 240, 250 என்று உச்சியைத் தொட்டுக்கொண்டிருக்கும். இதழின் மடிப்பு, நரம்பு, வெல்வெட் மாதிரியான அந்த மென்மை எல்லாம் 240-க்கும் 250-க்கும் நடுவே உள்ள சின்னச் சின்ன வித்தியாசங்களிலும், பச்சை, நீலச் சேனல்களில் மிச்சமிருக்கும் விவரத்திலும்தான் வாழ்கின்றன. சாச்சுரேஷனைக் கூட்டினால் சிவப்பு மொத்தமாக 255-இல் போய் முட்டி நிற்கும், மற்ற இரண்டும் 0-வை நோக்கி இறங்கும். விவரத்துக்கு இடமே இல்லை. பூ இருந்த இடத்தில் சிவப்புக் காகிதம் வெட்டி ஒட்டியது போல ஒரு திட்டு. நிறம் 'அதிகம்', ஆனால் உயிர் இல்லை. இப்படிப் பாழான பூக்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் மூலப் படத்தில் எல்லாமே இருந்திருக்கும்.

நிறத்துக்கு உயிர் கொடுக்க வேண்டுமென்றால் வேறு வழிகள் இருக்கின்றன. முதலில் வெள்ளைச் சமநிலை. படம் முழுவதும் லேசாக மஞ்சளோ நீலமோ படிந்திருந்தால் எல்லா நிறமும் ஒன்றோடொன்று கலந்து அழுக்காகத் தெரியும். அதை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. அடுத்து கான்ட்ராஸ்ட். கறுப்பு உண்மையில் கறுப்பாக இல்லாமல் சாம்பலாக இருந்தால், அதன் பக்கத்தில் எந்த நிறமும் எழாது. இந்த இரண்டும் முடிந்த பிறகும் போதவில்லை என்றால் வைப்ரன்ஸ். சாச்சுரேஷன் எல்லா நிறத்தையும் ஒரேயடியாகத் தூக்கும்; வைப்ரன்ஸ் மங்கலாக இருப்பதை அதிகமாகவும் ஏற்கெனவே செறிவாக இருப்பதைக் குறைவாகவும் தூக்கும், முகத்தின் நிறத்தையும் ஓரளவு காப்பாற்றும். அதிலும் ஏற்றிவிட்டுப் பாதியாகக் குறைப்பது என் பழக்கம், கண் சீக்கிரமே பழகி ஏமாந்துவிடும் என்பதால்.

## கன்வர்ட் செய்யும்போதே சில நிறங்கள் செத்துவிடுகின்றன. தவிர்க்க முடியாதா?

எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு வெளியே இருக்கும் நிறம் உள்ளே வந்துதான் ஆக வேண்டும். ஆழ்ந்த நீலப்பச்சைக் கடல், மயில்கழுத்து, பளபளக்கும் செம்மஞ்சள் பூக்கள் இவை வழக்கமாக அடிபடுபவை. எப்படி உள்ளே வருகிறது என்பதில்தான் நமக்கு வேலை இருக்கிறது. 'ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்' முறை வெளியே இருப்பதை எல்லைக்கோட்டில் கொண்டுவந்து ஒட்டவைக்கும், உள்ளே இருப்பதைத் தொடாது. 'பெர்செப்சுவல்' முறை எல்லாவற்றையும் சேர்த்து மெதுவாகச் சுருக்கி இடைவெளிகளைக் காப்பாற்றும் என்று பாடமாகச் சொல்வார்கள். ஆனால் வழக்கமான எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல்களில் அந்தச் சுருக்கலுக்கான அட்டவணையே கிடையாது. எனவே பெர்செப்சுவல் என்று தேர்ந்தெடுத்தாலும் பெரும்பாலும் மற்றதுதான் நடக்கும்.

அதனால் கையால் செய்வதே நல்லது. எடிட்டரில் சாஃப்ட் ப்ரூஃப் (வேறு நிறவெளியில் படம் எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே காட்டும் வசதி) போட்டு எஸ்ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுங்கள், கேமட் எச்சரிக்கையையும், அதாவது நிற எல்லை எச்சரிக்கையையும், போடுங்கள். எல்லை தாண்டிய இடங்கள் தனியாகக் காட்டப்படும். அந்த ஒரு நிறத்தின் செறிவை மட்டும் கொஞ்சம் இறக்கி, ஒளிர்வையும் சற்றுக் குறைத்துப் பாருங்கள். நுணுக்கங்கள் திரும்ப வரும். செறிவு குறைந்த பிறகு பூ முன்னைவிடச் சிவப்பாகத் தெரிவது விந்தையாக இருக்கும். விவரம் தெரிவதால்தான் அப்படி.

## ஜேபெக் தரத்தைக் குறைத்தால் நிறமும் கெடுமா?

கெடும், ஆனால் வெளுப்பாக இல்லை, கசிவாக. ஜேபெக் படத்தை வெளிச்சம், நிறம் என்று பிரித்துக்கொள்கிறது. கண்ணுக்கு நிறத்தின் நுணுக்கம் குறைவாகத்தான் தெரியும் என்பதால் நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவலை வைத்துக்கொள்ளும் முறை உண்டு, 4:2:0 என்பார்கள். மேகம், முகம் போன்றவற்றில் இது தெரியாது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து, பச்சை இலை மேல் மெல்லிய சிவப்புத் தண்டு, இங்கெல்லாம் ஓரம் பிசிறும். அப்படிப்பட்ட படத்துக்கு 4:4:4 என்று தேர்ந்தெடுங்கள். தரத்தைக் கொஞ்சம் இழந்து அமுக்கும் வெப்பி (WebP) படவடிவம் எப்போதும் 4:2:0-தான், அதில் தப்பிக்க வழி இல்லை. ஏவிஃப் (AVIF) வடிவத்தில் 4:4:4 உண்டு, 10 பிட்டும் உண்டு. அந்திவானம் மாதிரி மெல்ல மாறும் நிறங்களில் பட்டை பட்டையாகத் தெரிவதற்கு அது நல்ல மருந்து.

## அளவைக் குறைத்ததும் படம் சப்பென்று ஆகிவிடுகிறதே?

6000 பிக்சல் படம் 1600-க்கு வரும்போது நுண்ணிய வெளிச்ச நிழல் வித்தியாசங்கள் சராசரியாகிக் கரைந்துவிடும். அந்த வித்தியாசங்களையும் சேர்த்துத்தான் கண் 'பளிச்' என்று சொல்கிறது. சிறிதாக்கிய பிறகு லேசாக ஷார்ப்பன் செய்யுங்கள். லைட்ரூம் எக்ஸ்போர்ட்டில் திரைக்கான ஷார்ப்பனிங் என்று தனியாகவே இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. படத்தில் உள்ள எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதமாக இருப்பதில்லை, காமா என்ற வளைகோட்டின்படி மாற்றிப் பதிந்தவை. பல மென்பொருள்கள் அந்தக் காமா ஏற்றிய எண்களை அப்படியே சராசரி எடுக்கின்றன. கறுப்பும் வெள்ளையும் சரிபாதியாக உள்ள நுண்கட்டத்தைச் சிறிதாக்கினால் ஒளியின் கணக்குப்படி 188 வர வேண்டும். இந்த முறையில் 128 வரும், அதாவது இருட்டாக. இரவு விளக்குகள், தண்ணீரில் மினுக்கம், நட்சத்திரங்கள் இதில் பலியாகும்.

## ஒவ்வொருவர் திரையும் ஒவ்வொரு மாதிரி. நான் மட்டும் சரியாக வைத்து என்ன பயன்?

எல்லோருடைய திரையும் ஒரே பக்கம் சாய்வதில்லை. ஒன்று நீலமாக இருக்கும், ஒன்று மஞ்சளாக, ஒன்று கண்ணைப் பறிக்கும் அடர்த்தியாக. நீங்கள் நடுவில் நின்றால் யாருக்கும் படம் ரொம்ப விலகாது. உங்கள் திரை நீலமாக இருந்து, அதை ஈடுகட்டப் படத்தை மஞ்சளாக்கினால், மஞ்சள் திரைக்காரருக்கு இரண்டு மஞ்சள்.

திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் கருவி வைத்து வெண்மையை டி65-க்கும் (பகல் வெளிச்சத்தை ஒட்டிய வெண்மை) காமாவை 2.2-க்கும் அமைப்பது சிறந்தது. கருவி இல்லாவிட்டாலும் வெளிச்சத்தைக் குறையுங்கள். புது மானிட்டர்கள் பெரும்பாலும் அறைக்குத் தேவையானதைவிட அதிக வெளிச்சத்தோடு வருகின்றன. எடிட் செய்ய சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலா போதும். அதிக வெளிச்சத் திரையில் சரி செய்த படம் மற்றவர்களுக்கு இருட்டாகப் போகும். இரவு நேரத்தில் திரையை மஞ்சளாக்கும் வசதியை எடிட் செய்யும்போது அணைத்துவிடுங்கள். ஃபோன் திரையின் 'விவிட்' முறையை நம்பி நிறத்தை முடிவு செய்யாதீர்கள்.

## படம் சரி, ஆனால் பக்கத்தில் வைத்தால் எடுபடவில்லை.

பக்கத்தின் பின்னணியைப் பாருங்கள். பாரீஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ருயிலிடம் கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருந்த நிறங்கள்தான் கறுப்பை மங்கலாகக் காட்டின என்று அவர் கண்டுபிடித்தார். அந்த ஆய்வை 1839-இல் வெளியிட்டார். உங்கள் பக்கத்திலும் அதேதான். அடர் ஆரஞ்சுப் பின்னணியில் செம்மஞ்சள் பூ செத்துப்போகும், நடுத்தரச் சாம்பலில் அதே பூ எழும். படத்தின் மேல் எழுத்து தெரிவதற்காகப் போடும், பாதி ஊடுருவித் தெரியும் கறுப்புப் படலமும் ஒரு காரணம். அது மொத்தப் படத்தையும் அமுக்கும். எழுத்து வரும் ஓரத்தில் மட்டும் இருக்கும்படி அதைக் குறைக்கலாம்.

## இப்போது வரும் திரைகள் பி3 காட்டுகின்றனவே, தளத்திலும் வைக்கலாமா?

வைக்கலாம், ஒரு பாதுகாப்போடு. எச்டிஎம்எல்லின் பிக்சர் டேக்கில் 'கலர்-கேமட்: பி3' என்ற நிபந்தனை கொடுத்தால், விரிந்த நிற எல்லை கொண்ட திரை உள்ளவருக்கு மட்டும் பி3 படம் போகும், மற்றவர்களுக்கு எஸ்ஆர்ஜிபி. ஆனால் எல்லாப் படத்துக்கும் இது வேண்டியதில்லை. மூடுபனி, கட்டடம், முகம் இவற்றில் எஸ்ஆர்ஜிபியைத் தாண்டும் நிறமே அநேகமாக இருக்காது. பூக்கள், பறவைகள், அந்திவானம் என்றால் இரண்டு பிரதி வைப்பதற்குப் பலன் உண்டு. பி3 பிரதியில் ப்ரொஃபைல் கட்டாயம் இருக்க வேண்டும்.

## அச்சுக்காகத் தயாரித்த சிஎம்ஒய்கே ஃபைலை ஏற்றலாமா?

கூடாது. மையின் எல்லைக்கு ஏற்ப நிறம் ஏற்கெனவே சுருங்கியிருக்கும், திரும்ப ஆர்ஜிபி ஆக்கினாலும் போனது வராது. அச்சுக்கு முந்தைய ஆர்ஜிபி மூலத்தைக் கேட்டு வாங்குங்கள்.

## ஏற்கெனவே ஏற்றிய நூற்றுக்கணக்கான படங்களை என்ன செய்வது?

மூலம் கையில் இருந்தால் அதிலிருந்து எஸ்ஆர்ஜிபியாக எக்ஸ்போர்ட் செய்து மாற்றிவிடுங்கள். தளத்தில் இருக்கும் ஜேபெக்கைத் திறந்து மறுபடி மறுபடி சேமிக்க வேண்டாம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும்.

மூலம் இல்லை, ப்ரொஃபைலும் இல்லை என்றால் இங்கேதான் அசைன் உதவும். படத்தை எடிட்டரில் திறந்து அடோபி ஆர்ஜிபியை அசைன் செய்து பாருங்கள், பிறகு டிஸ்ப்ளே பி3, பிறகு ப்ரோஃபோட்டோ. ஃபோனில் எடுத்தது என்று நினைவிருந்தால் பி3-யிலிருந்து ஆரம்பியுங்கள். நிறம் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருளைப் படத்தில் கவனியுங்கள்: ஒரு முகம், ஓர் இலை. எந்த ப்ரொஃபைலில் அது தன் இயல்பான நிறத்துக்கு வந்து நிற்கிறதோ, அதுதான் தொலைந்துபோனது. அதை அசைன் செய்தபடியே எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்து, வேறு பெயரில் சேமித்து ஏற்றுங்கள். ஒரே கேமராவில் ஒரே நாளில் எடுத்த படங்கள் என்றால் ஒன்றுக்குக் கண்டுபிடித்தது எல்லாவற்றுக்கும் பொருந்தும். மீதியை பேட்ச் வேலையாக ஓட்டிவிடலாம்.